துளசி, துளசி

1

எண்ணூரில் நடந்த ஒரு தடுப்பூசி முகாமில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டார். கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். அதே நேரத்தில், கடைசி வரிசையில், மீசைக்காரர் ஒருவரும் எழுந்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தாய் மட்டும் சிரிக்காமல் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். கைக்குழந்தைகள் முகாமில் அந்த ஆளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெயர் தலைப்பில் இருக்கிறது. கதைக்குள் அதை எழுத மாட்டேன். காரணம் பிறகு.

2

முதல் தொடக்கம்: "முகத்துவாரக்குப்பத்தில் அன்று கடல் அமைதியாக"

வேண்டாம். கடலை அமைதியாக்கினால் அடுத்து ஒரு ஆள் போகப்போகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது: வரலட்சுமிக்குப் பெண் பிறந்தது.

இது போதும். அவள் புருஷன் செங்குட்டுவன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. அவனுடைய அண்ணன் கடலுக்குப் போனவர் போனவர்தான். உடல் கரை சேரவில்லை, அதனால் காரியமும் செய்யவில்லை. அந்த அண்ணன் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று செங்குட்டுவன் ஒற்றைக்காலில் நின்றான்.

(அது ஆண் பெயரா என்பீர்கள். என் சின்ன வயதில் ராயபுரத்தில் அந்தப் பெயரில் ஒரு லாரி டிரைவரும் ஒரு குஸ்தி வாத்தியாரும் இருந்தார்கள். இன்று பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிட்டால் இரட்டைச் சடைகள் மட்டுமே திரும்பும். யாரும் உத்தரவு போடவில்லை. பெயர் அது பாட்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அப்படிப் போன பெயர் ஆண்களிடம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.)

3

"இப்போ அது பொம்பளப் பேருதானே வரலு? நம்ம பாப்பாவுக்கு நல்லாத்தான் கீது."

"ஒங்கண்ணன் செத்துட்டாருன்னு யாரு மாமா சொன்னது? உசுரோட கீறவரு பேரைப் புடுங்கி புள்ளைக்கு வெச்சா, அவரு இன்னா பேரோட வூட்டுக்கு வருவாரு?"

செங்குட்டுவன், பதில் இல்லாத ஆண்கள் செய்வதையே செய்தான்: நாள் குறித்துவிட்டான்.

4

தொட்டில் போடும் நாள். பட்டப்பகல், நல்ல வெயில். பிள்ளையின் காதில் மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவதில் பெயர் ஒட்டிக்கொள்ளும். செங்குட்டுவன் குனிந்து முதல் முறை கூப்பிட்டான்.

"இன்னா?"

ஆண் குரல், கடற்கரைப் பக்கமிருந்து. வலை உலர்த்துகிற யாரோ என்று நினைத்தார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டான்.

"இன்னாடா?"

இந்தத் தடவை வாசலில். அவனை அந்த இழுப்போடு 'டா' போட்டுக் கூப்பிட்டவர் ஒருவர்தான். தொட்டிலில் பிள்ளை வாசலைப் பார்த்துச் சிரித்தது. வரலட்சுமி தொட்டில் துணியை இழுத்து மூடினாள்.

5

இங்கே நான் தப்பிக்கப் பார்த்தேன். பிள்ளையை ஆணாக்கினேன். "பையனுக்குப் பொம்பளப் பேரா?" என்று செங்குட்டுவனே பின்வாங்கினான். பிள்ளை பிழைத்தது, கதை செத்தது. மறுபடி பெண்ணாக்கி, மகிழினி என்று கூப்பிட வைத்தேன். வாசலில் நின்றவர் நகரவில்லை. "எம்பேரை இன்னாடா பண்ணீங்கோ?" என்றார்.

எழுதும் வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம். தலைப்பிலுள்ள பெயரைச் சொன்னேன். என் வீட்டு வாசலில், "இன்னா?"

மீன்காரராக இருக்கலாம். திருவொற்றியூரில் மீன்காரருக்கா பஞ்சம்? ஆனாலும் நான் கதவைத் திறக்கவில்லை. அன்றோடு அந்தப் பெயரைக் கதைக்குள் எழுதுவதை நிறுத்தினேன்.

6

செங்குட்டுவன் அழுகிறான். பயமா, அண்ணன் வந்துவிட்ட சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை. "என்னால முடியாது வரலு. நீயே கூப்டு."

மூன்றாவது முறை கூப்பிட்டால் பெயர் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளலாம்; வந்தவர் பெயரில்லாமல் கடலுக்குத் திரும்ப வேண்டியதுதான். அல்லது, கூப்பிட்டதற்கு மரியாதையாக அவர் உள்ளே வந்து தொட்டிலருகே நிற்கலாம். கூப்பிடாமல் விட்டால் ஆயுசுக்கும் வாசலில் அவர் நிற்பார். முகாமில் நான் பார்த்த தாய் மூன்றாவது முறையும் கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டும் அங்கே இரண்டு பேர் எழுந்தார்கள்.

வரலட்சுமி பிள்ளையை வாரி மார்போடு அணைத்து, அதன் காதருகே குனிந்து, "து

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். தலைப்பில் நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. மிச்சம் உங்களிடம் இருக்கிறது. மனதுக்குள் சொன்னால் போதுமா, வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா, எனக்குத் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும், முதலில் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வாருங்கள்.