படத்தில் இருந்த கோடு

1973 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானின் கனகாவா மாவட்டம், ஓஹதானோ ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியின் மாடியறையில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினொரு பேர் கூடினார்கள். 1945-இல் இதே ஊரில் கடற்படைக்காக ஜெட் இன்ஜின் செய்தவர்கள் அவர்கள். முந்தைய ஆண்டு பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

மமியா தொகுஜி ஜன்னலோரம் உட்கார்ந்தார். 1945-இல் அவர் இருபத்துமூன்று வயது வரைபடக்காரர். ஜன்னலுக்கு வெளியே தன்சாவா மலைகள் அப்படியே இருந்தன. அவற்றின் அடியில் இருந்த புகையிலைக் கிடங்கைத்தான் காணவில்லை. அங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் லாரிகள் நின்றன.

குண்டுவீச்சுக்குத் தப்பி, போரின் கடைசி வசந்தத்தில் குழுவினர் கடற்கரையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து அந்தக் கிடங்கில் இறங்கினார்கள். உத்தரங்களில் ஊறிக் கிடந்த புகையிலை வாசம் காகிதத்திலும் ஏறியது. வரைபடத்தை விரித்தால் தும்மல் வரும். மூன்று வேளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மலைச்சரிவில் இன்ஜினை ஓட்டும்போது கிழங்குத் தட்டு மேசையில் தானாக நகரும். சத்தம் நின்றதும் ஒரு பெரிய அமைதி விழும். பிறகு வயல் தவளைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கும். அந்தத் தவளைகளுக்காகவே எல்லாரும் ஒரு நிமிடம் நின்று கேட்பார்கள்.

"நெகிஷி-சான், போன வருஷம் மூணு பாட்டில் குடிச்சீங்க. இந்த வருஷம் டாக்டர் எவ்வளவு விட்டிருக்காரு?" என்று கேட்டார் ஒகிமோரி சுமி. பள்ளியிலிருந்து வேலைக்கு இழுத்துவரப்பட்டு, சோதனை மேடையில் கடிகாரம் பிடித்து நேரம் குறித்த பெண். இன்று நாற்பத்துநான்கு வயது. கூட்டத்தை நடத்துவது அவர்தான்.

"ஒண்ணுன்னாரு. பாட்டிலோட அளவ அவரு சொல்லல."

நெகிஷி யோஷிஸோவுக்கு வயது அறுபத்துநான்கு. அன்றைக்குக் குழுவின் தலைமை வெல்டர். போருக்குப் பிறகு வெல்டிங் டார்ச்சைத் தொடவே இல்லை. ஒதவாராவில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்தால் மமியாவுக்குச் சாப்பாடு இறங்காது. இருபத்தெட்டு வருடங்களாக அப்படித்தான்.

சுமி பையிலிருந்து ஒரு தடித்த கையெழுத்துப் பிரதியையும் ஒரு உறையையும் எடுத்தார். பிரதி, குழுவின் வரலாறு. அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. உறை, ஏப்ரலில் இறந்துபோன குழுத் தலைவர் அகுட்சுவின் மனைவி அனுப்பியது.

"போர் முடிஞ்சப்ப எல்லாக் காகிதத்தையும் எரிக்கணும்னு உத்தரவு வந்துச்சே, ஞாபகமிருக்கா? ரெண்டு நாளு எரிச்சோம். நம்ம தலைவர் ஒண்ண மட்டும் மறைச்சு வச்சிருக்காரு."

உள்ளங்கை அளவுப் புகைப்படம். ஜெர்மன் இன்ஜினின் குறுக்குவெட்டுப் படம். ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வரைபடங்கள் நீர்மூழ்கிக் கப்பலோடு கடலுக்குள் போயின. விமானத்தில் வந்த ஒருவரின் பையில் இருந்த இது மட்டும் தப்பியது. இதன் நகலைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கோடு கோடாக அளந்து பெரிதாக்கியவர் மமியா. படம் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. நெகிஷிக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

1945 மே மாதச் சோதனை ஓட்டத்தில், முழு வேகத்தின் நான்காவது நிமிடத்தில், எரியறையின் வாயிலில் இருந்த மெல்லிய எஃகு வளையம் உடைந்து டர்பைனுக்குள் போனது. இதழ்கள் அத்தனையும் மீன் செதில் போல உதிர்ந்தன. வளையத்தை வெல்டிங் செய்த பற்றவைப்பு விட்டுப்போனதுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். நெகிஷி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒரே வாரத்தில் அவரைத் தெற்கே கியூஷூ தீவுக்கு மாற்றினார்கள்.

படம் நெகிஷியிடம் வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைக் கண்ணருகே பிடித்தார்.

"இந்தா, என் வளையம். எவ்வளவு மெல்லிசா இருக்கு. இதத்தான் நான் சொதப்பினேன்."

"நீங்க சொதப்பல," என்றார் மமியா.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல. அந்தக் கோட்டு மேல விரல வச்சு நகர்த்துங்க. படம் முடியற இடத்துல நிறுத்தாதீங்க."

நெகிஷியின் நகம் மெதுவாக நகர்ந்தது. கோடு இன்ஜினைத் தாண்டியது. படத்தின் சட்டத்தைத் தாண்டி வெள்ளை ஓரத்திலும் ஓடி, காகிதத்தின் விளிம்பில் முடிந்தது. நெகிஷி படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"மடிப்பு."

"ஆமா. யாரோ பையில மடிச்சு வச்சிருக்காங்க. நகல்ல இன்ஜின் மட்டுந்தான் இருந்துச்சு, ஓரம் இல்ல; மடிப்பு கோடா விழுந்துச்சு. நான் அத வளையம்னு வரைஞ்சேன். அந்தச் சூட்டுல அங்க எந்த வளையமும் நிக்காது. யாரு பத்தவச்சிருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"தலைவர்கிட்ட கேக்கலையா?" என்றார் சுமி.

"வரையும்போதே கேட்டேன். 'ஜெர்மன்காரன் காரணமில்லாம ஒரு கோடு போடமாட்டான்'னாரு."

அந்த அறையில் இருந்த எல்லாருமே போர்க்காலத்தில் அந்த வாக்கியத்தை ஒரு முறையாவது சொல்லியிருந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் நெகிஷி.

"ஜூன்ல. வேற ஒரு அளவுக்காகத் தலைவர் அறையில மூலப் படத்தப் பாத்தேன். புது வரைபடத்துல வளையத்த எடுத்துட்டேன். காரணம்னு இருந்த இடத்துல எடைக் குறைப்புன்னு எழுதி என் பேர் முத்திரைய வச்சேன். தலைவர் ரொம்ப நேரம் பாத்துட்டு, பக்கத்துலயே தன் முத்திரையையும் வச்சாரு."

"எந்த ஜூன்?"

"அதே ஜூன்."

"நான் கியூஷூல இருந்தேன்," என்றார் நெகிஷி. "அங்க தபால் வந்துட்டுதான் இருந்துச்சு."

மமியா தலை குனிந்தார். மேசையில் மீன் ஆறியது.

"வளையத்துக்கு என்ன தடிமன் போட்டே?"

"ஒண்ணரை மில்லி."

"நான் ரெண்டு கேட்டேன்."

"ரெண்டு போட்டிருந்தாலும்..."

"தெரியுது. இருந்தாலும் நான் கேட்டேன்." நெகிஷி கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "அங்க போனப்புறம் டார்ச்ச எடுத்தாலும் பாதியில வச்சிடுவேன். மத்தவன் பத்தவச்சத நான் சரிபாத்துக் குடுத்தேன். என்னோடத நானே நம்பல." படத்தைச் சுமியிடம் நீட்டினார். "சரி, நம்ம இன்ஜின வச்சு அந்தப் பிளேன் பறந்துச்சே, அது எப்படி இருந்துச்சு? வருஷா வருஷம் நீங்க அதப் பேச ஆரம்பிச்சதும் நான் எழுந்து கழிவறைக்குப் போயிடுவேன்."

மற்றவர்கள் மமியாவைப் பார்த்தார்கள். அவர் சொன்னார். ஆகஸ்ட் மாதம், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஓடுதளம். அலைதடுப்புச் சுவர் மேல் எல்லாரும் வரிசையாக நின்றது. முன்னால் விசிறி இல்லாத விமானத்தைப் பார்த்து, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சமையல்காரர் வருத்தப்பட்டது. எரிபொருளாக ஊற்றிய, பைன் மரவேரில் வடித்த எண்ணெயின் வாடை. விமானம் எழும்பியதும் சத்தம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. பன்னிரண்டு நிமிடம் பறந்தது. இறங்கியதும் தலைவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். "நாங்க எல்லாரும் அழுதோம். நான் ரெண்டு காரணத்துக்காக."

"தண்ணிக்கு மேல திரும்புச்சா?"

"திரும்புச்சு. வெயில் பட்டு வயிறு வெள்ளையா தெரிஞ்சுது."

நெகிஷி தலையசைத்தார். பிறகு சுமியின் பக்கம் திரும்பினார். "அந்த வரலாத்துல மே மாசத்தப் பத்தி என்ன எழுதியிருக்கே?"

சுமி பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "'வளையத்தின் பற்றவைப்பு விட்டதால் டர்பைன் சேதம். பற்றவைத்தவர் நெகிஷி.'"

"ரெட்டைக் கோடு போட்டு அடி. வேற தாள்ல எழுத வேணாம், அடிச்சது தெரியணும். பக்கத்துல இவன் சரியானத எழுதட்டும். இவன் முத்திரையே இருக்கட்டும்."

கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையை மமியா சட்டைப் பையிலிருந்து எடுத்தார். எழுதினார்: 'வளையம் மூல இன்ஜினில் இல்லை. படத்தின் மடிப்பைக் கோடாக வரைந்தவர் மமியா. ஜூன் மாதமே அறிந்தும் தெரிவிக்கவில்லை.' சுமி சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். மமியா முத்திரையை ஒற்றி எடுத்தார்.

நெகிஷி மூன்று நாற்பது ரயிலுக்குக் கிளம்பினார். மமியா நிலையம்வரை கூட நடந்தார்.

வரலாறு 1974 மார்ச்சில் அறுபது பிரதிகள் அச்சானது; அடித்த வரியும் திருத்தமும் அப்படியே இருந்தன. நெகிஷி கடிதம் எழுதி இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். அக்டோபர் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நெகிஷி வந்தார். மமியாவுக்கும் அழைப்பு போயிருந்தது, அவர் வரவில்லை.