மாடன் கொடுத்த உத்தரவு

என் வீட்டுக்காரர் நயினாருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் சாமி வரும். தாராவியில் எங்கள் ஆட்கள் எழுப்பிய மாடன் கோயிலில், கொடைத் திருவிழாவன்று. வந்த சாமி அரைமணி நேரம் ஆடிவிட்டு மலையேறிவிடும்.

1965 கொடையில் மலையேறவில்லை. ஒன்பது நாள் கண்மூடாமல், தோல் கிடங்கு வேலைக்கும் போகாமல், தெருத்தெருவாகக் குறி சொன்னார். ஜனம் காலில் விழுந்தது. பத்தாம் நாள் சயான் தண்டவாளத்தில் ரயிலை நிறுத்தக் கையை நீட்டி நின்றவரை நான்தான் இழுத்து வந்தேன். காலில் விழுந்த ஒருத்தரையும் அங்கே காணோம். அப்புறம் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

மாதுங்கா அகிலாண்டம் டாக்டரம்மாதான் மனுஷனை எழுப்பி உட்காரவைத்தார். தினம் இரண்டு வேளை கோலி. தாராவியில் மாத்திரைக்கு அதுதான் பெயர். வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேச்சு. பேச நான் இல்லையா, இதற்கு ஒரு டாக்டரா என்று முதலில் எனக்கு எரிச்சல். ஆனால் என்னிடம் சொல்லாத பயத்தையெல்லாம் அங்கே சொன்னார். தூக்கம் குறைவதையும் வாய் ஓயாமல் ஓடுவதையும் தானே கவனிக்கப் பழகினார்.

இந்த வருஷக் கொடைக்குக் காப்புக் கட்டி ஆறாம் நாள், அவர் கண்ணில் அந்தப் பழைய மினுக்கத்தைப் பார்த்தேன். ஓடிப்போய் டப்பாவைத் திறந்தால் கோலி அப்படியே இருக்கிறது.

"இங்கிலீஷ் மருந்து விரதத்துக்கு ஆகாதுட்டி" என்றார்.

"அப்போ டாக்டரம்மா?"

"பேச்சுக்கு என்னட்டி விரதம்?"

மறுநாள் வியாழக்கிழமை. முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா கோபிக்கவில்லை.

"உங்க சாமி வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரைமணி."

"போன வருஷம்?"

இவர் கையிலிருந்த காப்பையே பார்த்தார். "ஒம்பது நாளு" என்றார் மெதுவாக. "மாடன் அப்படித் தங்க மாட்டாரும்மா. பெறவு இருந்தது அவரு இல்ல."

"அப்போ மருந்தை இன்னிக்கே ஆரம்பிக்கலாமே. மருந்து இல்லாம என் பேச்சு மட்டும் உங்களைத் தாங்காது, நயினார்."

"காப்பு கையில கெடக்கே. மாடன் உத்தரவில்லாம எப்படிம்மா?"

கொடை முடிந்து எட்டாம் நாள்தான் காப்பை அவிழ்ப்பார்கள். அதுவரை விட்டால் இவர் மறுபடி தண்டவாளத்தில்தான் நிற்பார். உத்தரவுதானே வேண்டும், கேட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உச்சிக்கொடை. மேளம் முழங்க இவர்மேல் மாடன் இறங்கினார். பிள்ளை வரம், வேலை, கல்யாணம் என்று கேட்டு நின்ற வரிசையில் நானும் டப்பாவோடு நின்றேன்.

"சாமி, என் வீட்டுக்காரரு இந்தக் கோலியைப் போடலாமா? உத்தரவு கொடு."

மேளம் நின்றது. கோயில் பெரியவர் பிச்சையா பல்லைக் கடித்தார். "ஏ பேராச்சி, சாமிகிட்ட கேக்குத கேள்வியாட்டி இது?"

நான் நகரவில்லை. மாடன் வேண்டாம் என்றுவிட்டால் அதற்குமேல் போய் முறையிட எனக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

சாமி டப்பாவை உற்றுப் பார்த்தது. ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து அதன்மேல் போட்டது.

"கொடு. நான் மலையேறிப் போயிருவேன். அவன் ஒன்கூட இருக்கணும்லா."

அப்படியே சரிந்தார். மடியில் தாங்கித் தண்ணீர் தெளித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

"மாடன் போயாச்சாட்டி?"

"போயாச்சு."

"நான்?"

கோலியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இருக்கீக."