பச்சை மரம் வெட்டியவர்கள்

அன்று காலை மன்றக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் நடுவில் பொதுநிலத் தலைவர் அபுண்டியோ. அவருக்கு வலப்பக்கம் வனக் காவல் குழுவின் தலைவர் ஃபிதென்சியோ. இடப்பக்கம் நான், இந்த ஆண்டுச் செயலாளன். எதிரே முன் பெஞ்சில், ஊர்ப் பொறுப்புகளை எல்லாம் முடித்துவிட்ட பெரியவர்கள். அவர்களில் கிரிசோஃபரோ பெரியப்பாவுக்குத்தான் குரல் பெரிது. ஜன்னலோரம் பெண்கள், எர்மெலிந்தா அத்தை முதல் ஆளாக. அவருக்குப் பக்கத்தில் ஃபிதென்சியோவின் மனைவி ஒத்திலியா. மற்றவர்கள் பின்னால் பலகைகளிலும் கதவோரத்திலும். நகரத்து வன அலுவலகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்குக் கை வைத்த நாற்காலி போட்டிருந்தோம். அதில் அவர் தன் தோல் பையை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

அவர் வந்த காரணம் இது. ஜனவரியில் ஊற்றுச் சரிவின் பைன் மரங்களில் பட்டை வண்டு இறங்கியது. அரிசி அளவுதான் இருக்கும். பட்டையைத் துளைத்து உள்ளே போய்க் குடும்பம் நடத்தும். மரம் அதை வெளியே தள்ளப் பார்த்துப் பிசினைக் கக்கும். மென்று துப்பிய மக்காச்சோளம் போல அது பட்டையில் கட்டி கட்டியாக நிற்கும். அப்போது மரத்தின் உச்சி பச்சையாகவே இருக்கும். உச்சி சிவந்துவிட்டதென்றால் வண்டு அடுத்த மரத்துக்குக் குடிபோய்விட்டது. சிவந்த மரத்தில் மிஞ்சியிருப்பவை அந்த வண்டைத் தின்கிற பூச்சிகள்தான். அதனால் நாங்கள் சிவந்ததை விட்டுவிட்டு, பிசின் கட்டிய பச்சை மரத்தை வெட்டுவோம்.

இதையெல்லாம் எழுதி, வெட்ட அனுமதி கேட்டு, ஜனவரியிலேயே விண்ணப்பம் அனுப்பினேன். பதில் மார்ச் கடைசியில் வந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, சிவந்த மரங்களை மட்டும் எண் போட்டு, அவற்றை வெட்டச் சொல்லியிருந்தார்கள். வண்டு அதற்குள் ஊற்றின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் எங்கள் ஊரின் மூன்று பேட்டைகளும் குடிக்கின்றன. மன்றம் கூடி டெக்கியோ அறிவித்தது. டெக்கியோ என்றால் ஊருக்காக எல்லோரும் கூலியில்லாமல் செய்கிற வேலை. ஃபிதென்சியோ மரம் மரமாகப் பட்டையைத் தடவி, முகர்ந்து, சுண்ணாம்பு அடையாளம் வைத்தார். ஆண்கள் வெட்டினார்கள். பெண்கள் பட்டையை உரித்து அன்றன்றே எரித்தார்கள். மூன்று நாளில் வேலை முடிந்தது. வண்டு நின்றது.

ஆனால் அதற்கு முந்தின வாரம் இன்ஸ்பெக்டர் சரிவை வந்து பார்த்தபோது சிவந்த மரம் நின்றது, பச்சை மரம் கிடந்தது. அவர்கள் விதியில் சாட்சி என்றால் வண்டு துளைத்த பட்டைதான். எங்களிடம் இருந்தது சாம்பல். கொஞ்சம் சோம்பேறித்தனமாக வேலை செய்திருந்தால் கையில் சாட்சி மிஞ்சியிருக்கும். அந்தத் தப்பு எங்களுடையதுதான்.

இப்போது கூடத்தில் அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எங்கள் ஊர் எழுதியதாக அவர்களே தட்டச்சு செய்து கொண்டுவந்தது. மன்றத்துக்குத் தெரியாமல் ஃபிதென்சியோ தன் இஷ்டப்படி ஆரோக்கியமான மரங்களை வெட்ட வைத்தார் என்று அதில் இருந்தது.

"கீழே தலைவரும் செயலாளரும் கையெழுத்து போட்டா போதும். மரம் வெட்டி விக்கிற ஊர் பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாது. வழக்கு அவர் ஒருத்தர் மேலதான்" என்றார்.

"வழக்குன்னா?" என்று கேட்டார் தலைவர்.

"ஜெயில்தான். ரெண்டு வருஷம், மூணு வருஷம். கோர்ட் முடிவு பண்ணும்."

"போடலைன்னா?"

"பெர்மிட் ரத்து. உங்க அறுப்பு ஆலையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

ஊருக்கு வருமானமே அந்த ஆலைதான். கிரிசோஃபரோ பெரியப்பா எழுந்தார்.

"சார், வீட்ல திருடன் பூந்துட்டான்னு ஜனவரில ஆள் அனுப்புனோம். நீங்க மார்ச்ல வந்து, அவன் காலி பண்ணிட்டுப் போன வீட்டை இடிங்கறீங்க. இப்ப அவன் படுத்திருக்கிற வீட்டைத் தொடாதேங்கறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

"பெரியவரே, பச்சை மரத்தை வெட்டுனா குற்றம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"உங்க ஆபீஸ் பிள்ளைங்களுக்குத் தெரியும்" என்றார் எர்மெலிந்தா அத்தை. "எங்க பிள்ளைங்க பிசினைப் பாத்தே சொல்லிடும், இது சாகப்போற மரம்னு."

"வர்ற வழியில கட்டையெல்லாம் அடுக்கி வச்சிருக்கமே, முனையைப் பாத்தீங்களா?" என்றார் பெரியப்பா. "நீலமா கறை ஓடியிருக்கும். வண்டு பூராத மரத்துல அந்த நீலம் எப்படி வரும்?"

"வண்டியை நிறுத்தலை."

"ஏன், பிரேக் இல்லையா?"

பின் பலகைகளில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோப்பைத் திறந்து ஜனவரி விண்ணப்பத்தின் நகலை எடுத்து, பச்சை மரம் பற்றிய மூன்றாம் பத்தியை உரக்கப் படித்தேன்.

"பச்சை மரம் வெட்டணும்னு ஒரு விண்ணப்பமே எங்களுக்கு வரலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

நகலைத் திருப்பி, 'பெறப்பட்டது' என்ற அவர் அலுவலக முத்திரையைக் காட்டினேன். தேதி ஜனவரி பத்தொன்பது. அவர் நகலை என் பக்கமே தள்ளினார்.

"பெறப்பட்டதுன்னா படிக்கப்பட்டதுன்னு அர்த்தமில்லை, செயலாளரே."

இதை அவர் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதினேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது; அந்த வரியை மறுபடி எழுதவேண்டியதாயிற்று.

அப்போது ஃபிதென்சியோ எழுந்தார். "போட்டுக் குடுத்துடுங்க. அடையாளம் வச்சது என் கைதான். என் ஒருத்தனுக்காக ஆலையை மூட வேண்டாம். நான் போய்ட்டு வர்றேன்."

"உட்காருய்யா!" என்றாள் ஒத்திலியா. அவள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள். "மூணு நாள் பட்டை உரிச்ச பிசின் இன்னும் நகக்கண்ணுல இருக்கு. அத்தனை மரத்தையும் நீ ஒருத்தனே வெட்டுனியாம்ல? வீட்ல ஒரு விறகு பிளக்க நாலு தரம் கூப்பிடணும் உன்னை!"

ஃபிதென்சியோ உட்கார்ந்துவிட்டார். அவர் காது சிவந்திருந்தது. ஒத்திலியா சிரிக்கவில்லை, கையை இறக்கவும் இல்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மூணு நாள் வருகைப் பட்டியல் இருக்கா?"

இல்லாமல் என்ன? டெக்கியோவில் விடிந்ததும் பெயர் கூப்பிடுவது வழக்கம். வராதவன் மன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டும். பட்டியலை எடுத்து வைத்தேன்.

"வெட்டுனவன் பேரைக் கேக்கறாங்க. வெட்டுன எல்லார் பேரையும் குடுப்போம்" என்றார் தலைவர். "நான் வாசிக்கச் சொல்றேன். பேர் வேண்டாங்கறவங்க இப்பவே சொல்லிடலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

வாசித்தேன். ஒவ்வொருவரும் எழுந்து "இருக்கேன்" என்றார்கள். நசாரியோ மட்டும், தன் மகனுக்கு அரசு வேலை வரவேண்டியிருக்கிறது, பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் கதவோரத்திலிருந்து தெலெஸ்ஃபரோ கத்தினான்: "எனக்கு அந்த மூணு நாளும் காய்ச்சல். இப்ப சேத்துக்கங்க!"

"வராதவன் வந்ததா எழுத மாட்டேன்" என்றேன்.

"ஜெயிலுக்குப் போகக்கூடவா சிபாரிசு வேணும்?"

மொத்தம் நூற்று நாற்பத்தொரு பெயர். இன்ஸ்பெக்டர் பையை மூடினார். "இத்தனை பேரையும் உள்ளே போடுவாங்கன்னு நினைக்கிறீங்களா?"

"இடம் பாக்கறது உங்க வேலை" என்றார் அத்தை. "ஜெயில்ல போடுற பீன்ஸ்ல உப்பு மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த கடிதத்தில் யாரும் கையெழுத்திடவில்லை. எங்கள் கடிதத்தை அங்கேயே எழுதினேன். மன்றத்தின் தீர்மானப்படி, மன்றத்தின் ஆட்கள், வண்டு பிடித்த மரங்களை வெட்டினோம். கட்டைகள் சாலையோரம் இருக்கின்றன, மரம் தெரிந்த ஒருவரை அனுப்பி முனைகளைப் பாருங்கள். வழக்குப் போடுவதானால் இணைப்பில் உள்ள அனைவர் மீதும் போடுங்கள். தன் பெயரையாவது முதலில் எழுதச் சொன்னார் ஃபிதென்சியோ. முடியாது என்றேன். எழுத்து வரிசையில் அவருக்கு வந்தது முப்பத்தெட்டாம் இடம்.

இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப்போக மறுத்து, தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். இரண்டு மணிக்கு நகரத்துக்குப் போகும் பயணிகள் வண்டி வந்து நின்றது. பட்டியலைக் கடிதத்தோடு சேர்த்துத் தைத்து, உறைக்குள் வைத்து ஒட்டி, மடிப்பின் மேல் ஊர் முத்திரையை அழுத்தினேன். வன அலுவலகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, ஒத்திலியா உறையை வாங்கிச் சால்வைக்குள் செருகிக்கொண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.