அக்காவின் முன்பற்கள்

'எக்ஸ்பிரஸ்' என்ற சொல் அன்று காலையும் ஒலிபெருக்கியில் விசிலடித்துக்கொண்டே போனது. கீழே நடைமேடையில் யாரோ பதிலுக்கு விசிலடித்தார்கள். சிரிப்பலை அறிவிப்பு அறை வரைக்கும் கேட்டது. அவள் மைக்கை அணைத்துவிட்டு நாக்கால் முன்பற்களைத் தடவினாள். கல்லூரி முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். அவள் குரலைக் கேட்டுத்தான் பாதி ஊர் ரயில் ஏறியது.

நிலைய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். "சரியாயிடும்னு நானும் பார்த்துட்டே இருந்தேம்மா. கொஞ்ச நாள் தொலைஞ்ச சாமான் அறையைப் பாத்துக்குங்க," என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். அவன் பல் டாக்டரானதும் தனியாக கிளினிக் ஆரம்பித்தான். "முதல் வெனீர் உனக்குத்தான்க்கா. திறப்பு விழாவில எல்லாரும் உன் சிரிப்பைத்தான் பார்க்கணும்," என்றான். இரும்பு மாதிரி இருந்த பற்கள். கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். அவற்றை ராவிவிட்டு மேலே வெள்ளை வெளேரென்று பீங்கான் ஓடுகளை ஒட்டினான். அன்றிலிருந்து 'ஸ்' என்றாலே விசில். ஈறு வீங்கியது, பிரஷ் பட்டால் ரத்தம். குளிர்ந்த தண்ணீர் உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. ஓட்டின் ஓரத்தில் உணவுத் துணுக்கு சிக்கி நாறியதில், கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசப் பழகியிருந்தாள். கேட்டால், "செட் ஆகும்க்கா, அவசரப்படாதே" என்பான். டாக்டர் தம்பி சொல்கிறான், நாம் என்னத்தைக் கண்டோம் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மதியம் முதல்முறையாக வேறொரு டாக்டரிடம் போனாள். அந்தப் பெண் மெல்லிய கம்பியைப் பல் ஓரமாக இழுத்தபோது அது கடக்கென்று மாட்டி நின்றது.

"அளவே சரியில்லையே. ஒட்டும்போதே தெரிஞ்சிருக்கும்."

"தெரியாமக்கூட நடந்திருக்கலாம் இல்லையா?" தம்பிக்காகக் கெஞ்சுவது போலிருந்தது அவள் குரல்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நல்ல பல்லும்மா. தேவைக்கு மேல ராவியிருக்காங்க. அது திரும்ப வளராது."

தம்பியின் கிளினிக்கில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். உட்காரக்கூட இல்லை. "ஒட்டுறப்பவே உனக்குத் தெரியுமாடா?"

அவன் கை கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நின்றான். "லேப்ல தப்பா செஞ்சு அனுப்பிட்டாங்க. திருப்பி அனுப்பினா விழாவுக்கு வந்து சேராது. அதான்..."

"வேற ஒருத்தருக்கு இப்படி ஒட்டியிருப்பியா?"

"சேச்சே, எப்படிக்கா? கேஸ் போட்ருவாங்க." பிறகு குரலைத் தழைத்து, "நீன்னா பொறுத்துக்குவேன்னு நெனச்சேன்," என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. பொறுத்துக்கொண்டுதானே இருந்தாள்!

"வெளியில யார்கிட்டயும் காட்டலையே?" கேட்டுக்கொண்டே அவசரமாக முகக்கவசத்தை மாட்டினான். "உட்காருக்கா. இப்பவே கழட்டி வேற போட்டுடலாம்." தோளைப் பிடித்து நாற்காலியில் சாய்த்தான். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

"ஆ காட்டு."

சிறு கண்ணாடியைப் பிடித்த கை அவள் முகத்துக்கு அருகே வந்து நின்றது. "அக்கா, வாயைத் திற," என்றான் மறுபடியும். அந்த வெளிச்சத்தில் அவள் உதடுகள் ஒரே கோடாக இறுகி மூடியிருந்தன.