எதிர்ப்பக்கம் காட்டிய அம்புகள்

என் மனைவி ஷிரோமி அதிகம் பேசமாட்டாள். அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன். அம்பிட்டியவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கு டிவி டிஷ் பூட்டுவது என் தொழில். அவளும் ஒரு வகையில் டிஷ்காரிதான், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய டிஷ்கள் அவுஸ்திரேலியாப் பாலைவனத்தில் நிற்கின்றன. அவை பிடித்த ரேடியோ அலைகளின் கணக்கெல்லாம் இணையம் வழியாக எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும்.

நம் பால்வீதி முழுக்க மிக மெல்லிய காந்தப்புலம் பரவிக் கிடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெகுதூரத்திலிருந்து வரும் ரேடியோ அலை அதனூடாக வரும்போது, அலை அதிரும் கோணம் கொஞ்சம் திரும்பிவிடும். எந்தப் பக்கம் திரும்பியது என்று அளந்தால், காந்தம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லிவிடலாம். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இப்படி அளந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துண்டு என் மனைவியுடையது. இதை நான் சொல்லும்போது யாராவது கொட்டாவி விட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பிரச்சினை அவள் வரைபடத்தில் வந்தது. காந்தத்தின் திசையைக் காட்டும் அம்புகள் எல்லாம் குழுவின் பழைய வரைபடத்துக்கு நேரெதிராக நின்றன. ஜெர்மனியில் இருக்கும் குழுத்தலைவர் ஒரு மின்னஞ்சல் போட்டார். கத்துக்குட்டிகள் செய்யும் பிழை இது, வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் திருத்து, இல்லாவிட்டால் உன் பகுதியை எடுத்துவிடுவோம் என்று. அந்தப் பகுதி போனால் அவளுடைய நான்கு வருட உழைப்பும் போச்சு, கலாநிதிப் பட்டமும் போச்சு.

அவளுக்கு மேற்பார்வையாளர் சண்முகநாதன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். அவளுக்குப் போன் எடுத்துப் பேசினார்.

"பிள்ளை, பதினேழு பேர் ஒண்டைச் சொல்லேக்க நீர் மட்டும் வேறை சொன்னா ஆர் கேப்பினம்? அம்பைத் திருப்ப ஒரு மைனஸ் குறிதானே. மாத்திப் போட்டிட்டுப் பட்டத்தை எடும்."

நல்ல மனிதர்தான், அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி வந்த நானே அடுத்த நிமிடம் அவளிடம் கேட்டேன்: "நீ சரியாத்தான் பாத்தியா?" அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"பாத்துட்டேங்க. அந்தத் துண்டுல நாலு துடிக்கிற நட்சத்திரம் இருக்கு. வேற வேற டிஷ்ல, வேற வேற ஆளுங்க முன்னமே அளந்தது. நாலுமே நான் சொல்றதத்தான் சொல்லுது. பிழை அவங்ககிட்டத்தான்."

"எங்க பிழை?"

"அதத்தான் தேடுறேன்."

புதன்கிழமை எனக்குக் கெலிஓயாவில் வேலை. திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று அவளும் மடிக்கணினியோடு ஆட்டோவில் வந்தாள். என் கூட்டாளி முனாப் கூரையில், நான் கீழே டிவிக்கு முன்னால். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வலது, இடது என்று சொல்லக்கூடாது. டிஷ்ஷுக்கு முன்னால் நிற்பவனின் வலது, பின்னால் நிற்பவனுக்கு இடது. அதனால் பள்ளிவாசல் பக்கம், ரோட்டுப் பக்கம் என்றுதான் சொல்லவேண்டும். பதினைந்து வருட அனுபவம் உள்ள முனாப் அன்றைக்கு, "வலதுக்குத் திருப்பிட்டேன்" என்றான். வந்த படமும் போய்விட்டது.

"எங்க நின்னு பாத்து வலது?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டோவுக்குத் திரும்பியபோது ஷிரோமி தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். பிழை அகப்பட்டுவிட்டது. குழுவின் பழைய வரைபடம் இரண்டு புரோகிராம்களின் கணக்கை இணைத்துப் போட்டது. ஒன்று, பூமியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் கோணத்தை அளக்கிறது. மற்றது, வானத்துக்கு அப்பால் நின்று உள்ளே பார்ப்பதுபோல் அளக்கிறது. ஒன்றின் வலது மற்றதன் இடது. இரண்டையும் இணைத்தபோது, அவள் துண்டு இருக்கும் தென் வானத்துக்கு அதை யாரும் மாற்றவில்லை. அந்த இரண்டு புரோகிராம்களையும் அவள் காலையிலேயே திறந்து வைத்திருந்தாள். எங்கள் சண்டை இல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பாள். முனாப் என்னவோ, தன்னால்தான் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

வியாழன் பின்னேரம் கணினியில் கூட்டம். நான் தேத்தண்ணியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் நிதானமாகச் சொல்லி முடித்தாள். தலைவர் தானே ஒருமுறை கணக்கை ஓட்டிப் பார்த்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு, அவள் சொல்வது சரி, பதினொரு வருடமாக எங்கள் தென் வானம் தலைகீழாக இருந்திருக்கிறது என்றார். நாங்கள் ஒரு திருத்தக் கட்டுரை போட்டுவிடுகிறோம் என்றும் சொன்னார்.

"அதை நான் எழுதுகிறேன்," என்றாள் ஷிரோமி ஆங்கிலத்தில். "அதில் முதல் பெயர் என்னுடையது."

கடையில் மீதிக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவள் அவள். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். அடுத்ததாக, கூட்டத்தில் சேர்ந்திருந்த சண்முகநாதன் சேரின் குரல் கேட்டது. இது அவளுடைய கட்டுரை, அதில் வேறு பேச்சே இல்லை என்றார். தலைவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் கட்டுரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து கலஹாவுக்குப் போனோம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடமாக வேலை செய்கிறவர் என் மாமனார் அந்தோனிமுத்து. வெளிநாட்டு வழக்கப்படி கட்டுரையை முதல் ஆளின் கடைசிப் பெயரால் சொல்வார்கள். ஷிரோமியின் கடைசிப் பெயர் அப்பா பெயர். கல்யாணத்தோடு என் பெயருக்கு மாறியிருக்கக்கூடாதா என்று எனக்கு ஒரு சின்ன எரிச்சல் இருந்தது. மாமா அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் அதுவும் போய்விட்டது.

"இனிமே உலகத்துல யாரு இதப் பத்தி எழுதினாலும், 'அந்தோனிமுத்துவும் மற்றவர்களும்'னுதான் போடுவாங்கப்பா," என்றாள்.

"மத்தவங்கன்னா யாரு?"

"பதினேழு பேருப்பா. பெரிய பெரிய புரொபசர்மாரு."

"அவங்கல்லாம் எனக்குப் பின்னாலயா?"

"ஆமாப்பா."

அவர் தாளில் அந்தப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். "இங்க ஃபேக்டரியில பெரிய கிளார்க்கு என்னைய நம்பர் சொல்லித்தான் கூப்புடுவாரு," என்றார். பிறகு எழுந்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தாளோடு பெரிய கிளார்க்கின் வீட்டுப் பக்கம் நடந்தார்.