ஒரே வரி

"ஓடுற வண்டிய எதுக்குப் பிரிச்சு மேயணும்?" என்று, தரைத்தளக் கம்ப்யூட்டர் அறையில் பக்கத்து சீட்டு புரோகிராமர் சொன்னபோதே அவள் கேட்டிருக்கலாம். கேட்டால்தானே. ஆஸ்பத்திரியின் பழைய புரோகிராம், கோப்பைத் திறக்க கம்ப்யூட்டர் மொழியோடு கூடவே வரும் ஓப்பன் ஃபங்ஷன் என்ற கட்டளையைத்தான் நம்பியிருந்தது. அவளுக்கு அது அரதப் பழசாகப் பட்டது. ஆப்ஜெக்ட், மெத்தட் என்று ஒழுங்காக அடுக்கிய புது மாட்யூல் தொகுப்புக்கு நேற்று மாலை மாற்றிவிட்டாள். நாலு வரிக் கட்டளை ஒரு வரியானது. "இப்ப எப்படி இருக்கு?" என்று அவனைச் சீண்டவும் செய்தாள்.

இன்று காலை பத்து மணிக்கு, அந்தப் புரோகிராம் எழுதும் கோப்பைத் திறந்தாள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியல் அது. இருநூறு வரிக்குமேல் இருக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான் இருந்தது.

பழைய ஓப்பனில், புது வரியைக் 'கடைசியில் சேர்' என்று எழுதியிருந்தார்கள். புது மெத்தடோ, ஒவ்வொரு முறையும் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். புத்தி புல் மேயப் போயிருந்தது. நகலிலிருந்து மீட்க அரைமணி நேரமாவது ஆகும்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் 'ஒவ்வாமை இல்லை' என்று வார்டுத் திரை காட்டும். இரண்டாம் மாடியில் அக்கா படுத்திருக்கிறாள், பத்தரைக்கு ஆபரேஷன். பென்சிலின் ஏற்றினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் உடம்பு அவளுக்கு.

வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போட்டாச்சா?" என்று கட்டிலருகே நின்ற நர்ஸிடம் மூச்சிரைக்கக் கேட்டாள் தங்கை.

"போட்டாச்சு. பயப்படாதீங்க, திரையில ஒண்ணும் காட்டல, ஆனா உங்க அக்காவே சொல்லிட்டாங்க. வேற மருந்துதான் போட்டோம்."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினாள்.

நர்ஸின் முகம் வெளுத்தது. "அப்போ மத்தவங்களுக்கும் திரை அப்படித்தான் காட்டுதா? கீழ சொல்லிட்டுத்தானே வந்தீங்க?"

கீழே முதல் மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே யாரும் வாய் திறந்து சொல்லும் நிலையில் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்தக் கதவைத் தாண்டித்தான் அவள் ஓடி வந்திருந்தாள்.