வாயை மூடிக்கொண்ட ஆளிகள்

வாளித் தண்ணீர் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் கல்யாணராமனுக்கு மனசு கேட்கவில்லை. முட்டைகூட நுழையாத மயிலாப்பூர் வீட்டின் குளியலறையில் ஒரு வாளி நிறையப் பச்சை ஆளிச் சிப்பிகள். அடையாறு ஆய்வுக்கூடத்தில் இன்று பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று மகள் சிந்து நேற்றுச் சாயங்காலம் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியவை. "ஆத்துக்குள்ள இதெல்லாமாடி?" என்று அவர் குதித்த குதியில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. இருந்தாலும் வீட்டுக்கு வந்த ஜீவனை அழுக்குத் தண்ணீரில் விட்டுவைப்பது எந்த ஊர் நியாயம்? சிந்து கிளம்பிப் போனதும் வாளியைக் கவிழ்த்து, புதிதாக மெட்ரோ தண்ணீர் பிடித்தார். கடலில் பிறந்ததாயிற்றே என்று சமையலறைக் கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டார். கிருமி அண்டாமலிருக்க ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி வேறு. துளசியைக் கிள்ளிப் போடாமல் விட்டாரே, அந்த மட்டும் புண்ணியம்!

லேசாகத் திறந்திருந்த ஓடுகள் அத்தனையும் பட்டென்று மூடிக்கொண்டன. சுத்தமான தண்ணீர் கண்டதும் தூங்கிவிட்டன என்றுதான் நினைத்தார். பெருமையாக மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"அப்பா... மெட்ரோ வாட்டரா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "அதுல குளோரின் இருக்கும், செத்துடும்ப்பா! ஒடனே சாந்தோம் போய்க் கடல் தண்ணி கொண்டு வாப்பா. நானும் கிளம்பறேன்."

நேற்று ராத்திரி சாப்பிடும்போது போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தாள். ஆளியின் ரத்தத்துக்கு நிறமே இல்லை. அதில் ஒரு ரத்த அணு சோம்பேறிபோல் ஊர்ந்து போய், ஒரு கிருமியைச் சுற்றி வளைத்து, அப்படியே விழுங்கிவிட்டது. "நமக்கு இருக்கற மாதிரி ஆன்டிபாடியெல்லாம் இதுக்குக் கிடையாதுப்பா. இந்த செல்லுதான் எல்லாம்." செத்த கிருமியை இந்த ஆளிகளுக்கு ஊசியில் ஏற்றி, அவற்றை வாரக்கணக்காக வளர்த்திருந்தாள். மறுபடி அதே கிருமி வந்தால் அணுக்களுக்கு அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. ஆய்வேட்டை முடிக்கப் பல்கலைக்கழகம் இனி அவகாசம் தராது. முன்பு வாங்கிய அவகாசமெல்லாம் அவள் அம்மாவின் கட்டில் பக்கத்தில் கரைந்துபோனது. வெள்ளணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த மாதங்களில் கல்யாணராமன் ஆஸ்பத்திரி வராந்தாவைத் தாண்டவில்லை. உள்ளே போகப் பயம். எல்லாம் சிந்துதான்.

பாவி மனுஷா, இப்படிப் பண்ணிட்டியே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு சாந்தோம் கரையில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி அலையில் குடத்தை முக்கியதும் மணல்தான் நிறைந்தது. படகோரமாக வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த மீனவர் மரியசெல்வம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா ஐயரே, எதுனா ஹோமமா?"

"இல்லப்பா. ஆளிக்கு."

"ஐயரூட்ல ஆளியா!" சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நண்டு நழுவியது. கல்யாணராமன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு அடங்கியது. "மூடிக்கினு கீதா, தொறந்துக்கினு கீதா?"

"மூடிண்டிருக்கு."

"அப்போ உசுரு கீது நைனா. பயந்துக்கினு கதவ சாத்திக்கிச்சு. குடத்த குடு, கரைத் தண்ணி வோணாம், சாக்கட கலந்துக்கினு கீது." மார்பளவு தண்ணீருக்குப் போய் அலைக்கு அப்பால் மொண்டு வந்தார். ஆட்டோ வரைக்கும் அவரே தூக்கியும் வந்தார். கல்யாணராமன் அந்த மீன்வாசக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போ ஐயரே, போ, புள்ள காத்துக்கினு இருக்கும்" என்றார் மரியசெல்வம்.

வீட்டில் சிந்து தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாளியைக் கழுவி, கடல் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, காற்றுக் குழாயை விட்டாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"திட்டேண்டி."

"திட்டினாத் தொறந்துடுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சட்டுனு மூடிண்டதனால உள்ள இன்னும் பழைய கடல் தண்ணி இருக்கும். தொறந்தா ரெண்டு நாள் விட்டுப் பாக்கணும். செல்லெல்லாம் கலவரமாயிருக்கும். நடந்ததையும் தீசிஸ்ல எழுதித்தான் ஆகணும்."

"மஞ்சள்பொடியையுமா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குழாய் மட்டும் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. கல்யாணராமன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். "உங்கம்மாவ நீதான் பாத்துண்டே. நான் வெளியிலயே நின்னுண்டிருந்தேன். அதுக்கு ஒரு வார்த்த உனக்கு நான் சொன்னதில்ல." வாளியையே பார்த்தபடி சொன்னார். "நீ இல்லேன்னா அவ தனியாப் போயிருப்பா. உனக்கு நான் என்னம்மா கைம்மாறு பண்ணுவேன்?"

சிந்து சட்டென்று அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். "அப்பா, மூச்சு விடாதே. அசைஞ்சா மூடிக்கும்."

அடியில் கிடந்த ஓர் ஆளியின் ஓட்டில் நகக்கண் அளவுக்கு ஓர் இடைவெளி. உள்ளிருந்து பழுப்பும் பச்சையுமாக ஒரு விளிம்பு மெதுவாக வெளியே வந்து தண்ணீரைத் தொட்டது.